உப்பு நடத்திய வாரம்

அன்றைய துறைக் கூட்டத்தில் மூன்று பேர் இருந்தோம்: துறைத் தலைவர் மேடம், சாத்தான்குளத்து சார், நான். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் மேடம் மட்டும் வரவில்லை. அவருடைய மகன் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எங்கள் கல்லூரியில் பொருளியல் துறை என்றால் இந்த நாலு பேர்தான். அன்றைக்கும், அடுத்து நடந்த பயிற்சிக்கும் வராமல்போன அவரால்தான் பிறகு ஒரு பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்காமல் தப்பியது. அப்போது அது எப்படித் தெரியும்? "பாவம், அவங்களுக்கு டிரெயினிங் போச்சே" என்றுதான் வருத்தப்பட்டோம்.

கூட்டத்துக்குக் காரணம், அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒரு படிவம். ஆசிரியர்களின் பணித்திறன் வளர என்னென்ன பயிற்சிகள் தேவை என்று ஆளுக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டும். துறைத் தலைவர் மேடம் பேனாவைத் திறந்துகொண்டு சாத்தான்குளத்து சாரைப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு என்ன வேணும்னு போடட்டும்?"

"எனக்கு இன்னும் நாலு வருசத்துல ரிட்டையர்மெண்டு. அதுக்கு ஏதும் டிரெயினிங் இருந்தா போடுங்க."

"ரிட்டையர் ஆகுறதுக்கா?"

"ஆமா மேடம். எங்க வீட்டுக்காரி இப்பமே பயப்படுதா. பகல் பூரா இவரு இங்கனயே இருந்தா நான் என்ன செய்யன்னு கேக்கா."

மேடம் சிரித்துக்கொண்டே 'கணினிப் பயிற்சி' என்று எழுதினார். அடுத்து என் முறை. உண்மையில் எனக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியும். பாடம் நடத்தத் தெரிய வேண்டும். முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன், தகுதித் தேர்வில் தேறியிருந்தேன், கட்டுரைகள் எழுதியிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தருகிறவருக்குக்கூட அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. எனக்கு அது கிடையாது. நேர்காணல் முடிந்த மறுநாள் ஒரு சாக்பீஸையும் வருகைப்பதிவையும் கையில் கொடுத்து, வலது பக்கம் மூன்றாவது அறை என்றார்கள். போனேன். இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். என் வகுப்பில் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். அது கவனிக்கிற அமைதியா, கைவிட்ட அமைதியா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஒரு வரியில் எப்படி எழுதுவது? 'ஆராய்ச்சி முறையியல்' என்று சொன்னேன். மேடம் எழுதிக்கொண்டார்.

அந்த மாதமே ஊருக்குள் இன்னொரு கல்லூரியில் இரண்டு நாள் பயிற்சி வந்தது. கட்டணம் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மதியச் சாப்பாடும் சான்றிதழும் உண்டு. எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அய்யாவுக்குப் புரியவில்லை. அப்பாவை நாங்கள் அய்யா என்போம்; துறைமுகத்தில் சுமை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான் என்பதால், படிப்பு என்பது ஒரு கட்டத்தில் முடிந்துபோகிற காரியம் என்பது அவருடைய கணக்கு.

"படிச்சு முடிச்சாச்சுல்லாலே? பெறவு உனக்கு என்ன டிரெயினிங்கு?"

"நடத்துறதுக்கு அய்யா."

"இத்தன நாளும் என்ன செஞ்ச?" என்று கேட்டுவிட்டு அவரே சமாதானம் ஆனார். "எங்களுக்கும் புது மெசினு வந்தப்ப ரெண்டு நாளு வச்சாங்க. ஒண்ணும் வெளங்கல. வடை நல்லா இருந்துச்சு. போய்ட்டு வா."

பயிற்சி தந்தவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். காதோரம் மைக் மாட்டிக்கொண்டு மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் நடந்துகொண்டே பேசினார். முதலில் எங்களை வட்டமாக நிற்கவைத்து, ஒவ்வொருவரும் தன் பெயரோடு ஏதாவது ஒரு சைகை செய்ய வேண்டும் என்றார். துறைத் தலைவர் மேடம் மூன்று தலைமுறையாக ஆசிரியர்களாக இருக்கும் நாசரேத்துக் குடும்பம். அவருடைய தாத்தா கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அந்த மேடம், பெயரைச் சொல்லி இரண்டு கையையும் விரித்துப் பறவை மாதிரி ஆட்டினார். சாத்தான்குளத்து சார் தரையைப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் அந்த இளைஞர் சொன்னதில் ஒரு விஷயம் எங்கள் மூன்று பேருக்கும் பிடித்திருந்தது. "மாணவர்களோட வாழ்க்கையிலேர்ந்து ஆரம்பிங்க. அவங்க வீட்ல, தெருவுல இருக்கறதைப் பிடிச்சுட்டுப் பாடத்துக்கு வாங்க" என்றார். நல்ல வார்த்தை. இப்போதும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று பேரும் குறித்துக்கொண்டோம்.

அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் யோசித்தோம். இந்த ஊரில் உதாரணத்துக்கு என்ன இருக்கிறது? முத்து இருக்கிறது, ஆனால் பஸ் கம்பெனிப் பெயரிலும் நகைக்கடைப் பலகையிலும் தவிர எங்களில் யாரும் முத்தைப் பார்த்ததில்லை. கொற்கைக்குத் துறைச் சுற்றுலா கூட்டிப்போனபோது பிள்ளைகள் துறைமுகம் எங்கே என்று கேட்க, சாத்தான்குளத்து சார் வாழைத்தோட்டத்தைக் கைகாட்டியது நினைவிருக்கிறது. துறைமுகம் என்றால் கப்பல் வாடகையிலிருந்து தொடங்க வேண்டும். அது எங்களுக்கே சிக்கல். கருப்பட்டி விலையோ நாளுக்கு ஒன்று. யோசித்துக்கொண்டே போனால் எல்லாருக்கும் மிஞ்சியது ஒன்றுதான். உப்பு.

உப்பு என்றதும் மூன்று பேருக்கும் ஒரே பிள்ளையின் முகம் வந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஒரு சுருட்டை முடிப் பிள்ளை. சேர்ந்த முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றிச் சொன்னபோது, மற்றவர்கள் எல்லாம் "கூலி வேலை" என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இவள் மட்டும் நிமிர்ந்து நின்று, "எங்கம்மா உப்பளத்துல வேலை பாக்காங்க" என்றாள். அந்தத் தெளிவு எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை முதல் மணி துறைத் தலைவர் மேடத்துடையது. தேவையும் அளிப்பும். மழை பெய்தால் உப்பு விலை என்ன ஆகும் என்று கேட்டு, "நீ சொல்லும்மா" என்று அந்தப் பிள்ளையை எழுப்பினார். இரண்டாம் மணி சாத்தான்குளத்து சார். ஏற்றுமதி. நம் ஊர் உப்பு எங்கெல்லாம் போகிறது? "நீ சொல்லு தாயி." மூன்றாம் மணி புள்ளியியல். நான் கரும்பலகையில் உப்பளக் கூலிகளை வரிசையாக எழுதி, சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கத் தொடங்கினேன். இந்தக் கூலியெல்லாம் சரிதானா என்று அவளைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்று கரும்பலகையையே பார்த்தாள். "சரி, வீட்டுல கேட்டுட்டு வா" என்றேன், அன்பாகத்தான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் இதே கதைதான். புதன்கிழமை நான் "ஒரு உப்பளத்தில் நூறு பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கினேன். கடைசி பெஞ்சில் ஒருவன், "சார், உப்பு கூடிப்போச்சு" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு வருடத்தில் முதல்தடவையாக என் வகுப்பு உயிரோடு இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அய்யாவிடம், "டிரெயினிங் நல்லா வேலை செய்யுது" என்றுகூடச் சொன்னேன்.

வியாழக்கிழமை அவள் என் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கைப்பேசியில் வருகை பதிகிற செயலியில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவது சிக்கலாகிவிடும். அவளுக்கு என் வகுப்பு பிடிக்கவில்லை போல என்று நினைத்து மனம் சுருங்கியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மற்ற இருவரும் அவரவர் வகுப்பைப் பற்றி அப்படியே நினைத்து, அப்படியே சொல்லாமல் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் ஆசிரியர் அறையில் எல்லாம் பேசுவோம். வீட்டுக் கடனுக்கு எந்த வங்கி, நெத்திலி என்ன விலை, யார் மகளுக்கு எங்கே இடம் கிடைத்தது, எல்லாம். வகுப்புக்குள் என்ன நடந்தது என்பது மட்டும் பேச்சில் வராது. இன்னொருவர் வகுப்பைப் பற்றிக் கேட்பது அவருடைய சம்பளத்தைக் கேட்பது மாதிரி. ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வாசலில் வந்து நின்றால், நடத்துகிறவர் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். அது மரியாதை. அதனால் பத்து, இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை பார்த்தும், ஒருவர் நடத்தி இன்னொருவர் பார்த்ததே கிடையாது.

மகனுக்குக் குணமாகி ஸ்ரீவைகுண்டத்து மேடம் திரும்பி வந்தார். ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்து தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னார்: "அந்தச் சுருட்ட முடிப்பிள்ள இன்னைக்கு ஒரு கேள்வி கேட்டா பாருங்க, எனக்கே பதில் சொல்ல வரல. நாளைக்குச் சொல்லுதேன்னுட்டு வந்துட்டேன்."

மூன்று பேரும் தலையைத் தூக்கினோம்.

"அவ வாராளா?" என்றார் துறைத் தலைவர்.

"தினமும் வாராளே. முத பெஞ்சு."

"என் கிளாஸுக்கு வரல."

"எனக்கும் வரல," என்றார் சாத்தான்குளத்து சார். என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

"நீங்க மூணு பேரும் அப்படி என்னதான் நடத்துனீங்க?"

துறைத் தலைவர், "நான் உப்ப வச்சு நடத்தினேன்" என்றார்.

"உப்பா?" என்றார் சாத்தான்குளத்து சார். "நானும் உப்புதான்."

"நானும்" என்றேன்.

"மூணு பேரும் அவளையா எழுப்புனீங்க?"

"அவளைத்தான்."

"ஒவ்வொரு நாளுமா?"

ஸ்ரீவைகுண்டத்து மேடம் பாட்டிலை மூடினார். "நல்லவேளை, நான் டிரெயினிங்குக்கு வரல" என்றார்.

மறுநாள் அவருடைய வகுப்புக்கும் அவள் வரவில்லை. பக்கத்தில் உட்காரும் பிள்ளையைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுடைய அம்மா படிப்பை நிறுத்திவிட்டு உப்பளத்துக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். திங்கட்கிழமையிலிருந்து.

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மதியம் நாலு பேரும் ஒரு ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு அவள் வீடு இருக்கும் மாப்பிள்ளையூரணிக்குப் போனோம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று துறைத் தலைவர் பேக்கரியில் மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டார். தெருமுனைக் கடையில் சாத்தான்குளத்து சார் இறங்கி விசாரித்தார்.

"அண்ணாச்சி, உப்பளத்துக்குப் போற ஒரு அக்கா வீடு எங்கன இருக்கு?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தெருவுல எல்லா அக்காவும் உப்பளத்துக்குத்தான் போறாங்க. எந்த அக்கா?"

"சுருட்ட முடி, காலேஜு படிக்க பிள்ள..."

"அப்படிச் சொல்லுங்க. காலேஜுப்பிள்ள வீடு. அந்தப் பச்ச கேட்டு."

அவளுடைய அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துப் பதறவில்லை. உள்ளே திரும்பி, "ஏளா, உங்க டீச்சர்மாரு நாலு பேரு வந்திருக்காங்க. என்ன செஞ்சு வச்ச?" என்று குரல் கொடுத்தார்.

"அவ ஒண்ணும் செய்யலம்மா," என்றார் துறைத் தலைவர். "கிளாஸுக்கு வரல. அதான் பாத்துட்டுப் போலாம்னு."

"நான்தான் வேண்டாம்னுட்டேன். உக்காருங்க." பாய் வந்தது. "தினமும் வந்து எங்கிட்ட உப்பப் பத்திக் கேக்கா. கூலி எவ்வளவு, மழ பெஞ்சா என்ன, லாரி எங்க போவுதுன்னு. எதுக்குளா இதெல்லாம்னா, காலேஜுல கேப்பாங்கங்கா. பெறவு ரெண்டு வாரமா காலேஜுக்குப் போய் மரத்தடியில உக்காந்துட்டு வாரான்னு அவ கூட்டாளி சொல்லுதா. எனக்குக் கோவம் வந்துட்டு. உப்பப் பத்திப் படிக்கதுக்கு எதுக்கு பஸ் ஏறிப் போணும்? எங்கூட வா, சம்பளத்தோட சொல்லித்தாரேன்னேன். கணக்கப்பிள்ளகிட்டயும் சொல்லியாச்சு."

அந்தப் பிள்ளை கதவோரமாக வந்து நின்றாள். துறைத் தலைவர், "உனக்கு வெக்கமா இருந்துச்சாம்மா? நாங்க அப்படி நினைச்சுக் கேக்கல" என்றார்.

"வெக்கம்லாம் இல்ல மேடம். எனக்கு உப்பளத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாது. எங்கம்மா என்னைய ஒருநாளும் அங்கன விட்டதில்ல. எந்திரிச்சா முழிப்பேன். இது தெரியாதான்னு பிள்ளைகள்லாம் சிரிப்பாங்க. நான் தெரியாததப் படிக்கலாம்னு வந்தேன். பேங்கு, ஷேரு, வெளிநாட்டுப் பணம். மூணு பேரும் உப்பையே கேட்டீங்க."

"எப்படி விடுவேன்?" என்றார் அம்மா யாரையும் பார்க்காமல். "அங்கன வரக் கூடாதுன்னுதான இத்தன வருசம் பாடுபட்டேன்."

சாத்தான்குளத்து சார் பாயின் ஓரத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு, என் அய்யா மூட்டை தூக்கும் சாக்குக் கொக்கியை எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுவது ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் எத்தனை டன் ஏறும், எத்தனை டன் இறங்கும் என்று கல்லூரியில் யாராவது என்னை எழுப்பிக் கேட்டிருந்தால், நானும் முழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

ஸ்ரீவைகுண்டத்து மேடம்தான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீ அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டுட்டு ஓடிட்ட. நான் பதில் வச்சுக்கிட்டு ரெண்டு நாளா அலையுதேன். இன்னொரு தடவ கேளு."

"அரசாங்கந்தான நோட்டு அடிக்குது, பெறவு எதுக்கு மேடம் கடன் வாங்குது?"

"அதான?" என்றார் அம்மா. "எதுக்கு வாங்குது?"

மேடம் பதில் சொல்லவில்லை. "நீ என்ன நினைக்க?" என்று பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நான் அங்கேயே பதிலைச் சொல்லிவிட்டிருப்பேன். என் வகுப்பில் கேள்வி கேட்டால், மூச்சு விடுவதற்குள் நானே விடையைச் சொல்லி முடித்துவிடுவேன். இவர் மக்ரூனில் ஒன்றை எடுத்துப் பாதியாக்கி வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா ஒரு தடவை வாசலைப் பார்த்தாரே தவிர எழுந்து போகவில்லை.

"நோட்டு மட்டும் கூடும்," என்றாள் பிள்ளை மெதுவாக. "கடையில சாமான் கூடாதுல்லா. அவ்வளவேதான் இருக்கும்."

"சரி. அப்ப?"

"அப்ப... எல்லார் கையிலயும் நோட்டு இருக்கும். அண்ணாச்சி விலைய ஏத்திருவாரு."

"ஏத்தினா?"

"நமக்கு நோட்டு கூடினதுல பிரயோஜனம் இல்ல. ஏற்கெனவே சேத்து வச்சிருக்கவங்களுக்கு நட்டம்." அவள் குரல் ஏறிவிட்டிருந்தது. "அப்ப எவ்வளவு அடிக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கும்லா மேடம்? அத யாரு சொல்லுவா?"

"அது திங்கக்கிழம" என்றார் மேடம்.

துறைத் தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பக்கத்து அறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள். அவர் நடத்தி இவர் பார்த்தது அன்றுதான் முதல்தடவை. எனக்கும் அப்படித்தான். இரண்டு நாள் வட்டமாக நின்று கையை ஆட்டியதில் எனக்குப் பிடிபடாத ஒன்று, அந்தப் பாயில் பிடிபட்டது.

அம்மா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இதுவா காலேஜுல நடத்துதீங்க?"

"இதுதாம்மா," என்றார் துறைத் தலைவர்.

"அப்ப உப்பு?"

"உப்பு முடிஞ்சுபோச்சு."

"இனி கேக்க மாட்டீங்களே?"

"சத்தியமா கேக்க மாட்டோம்," என்றார் சாத்தான்குளத்து சார். அந்தப் பிள்ளைகூடச் சிரித்துவிட்டாள்.

கணக்கப்பிள்ளையிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்வதாக அம்மா சொன்னார். வருகை குறைந்ததற்குக் கல்லூரியில் ஐந்நூறு ரூபாய் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. நாங்கள் கட்டிவிடுகிறோம் என்றார் துறைத் தலைவர். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மரத்தடியில உக்காந்தது அவ தப்பு. நீங்க எதுக்குக் கட்டணும்?" உப்பு எங்கள் தப்பு என்று இவர் சொல்ல, அவர் மறுக்க, கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. கிளம்பும்போது அம்மா ஸ்ரீவைகுண்டத்து மேடத்திடம் தனியாக, "நோட்டு விசயம் என்னாச்சுன்னு அவகிட்ட சொல்லி விடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கடைசி மணியில் நாலு பேரும் உட்கார்ந்து, வருகிற வாரம் யார் எதை நடத்தப்போகிறோம், எந்த உதாரணம், போன வாரம் எங்கே சொதப்பினோம் என்று பேசிக்கொள்ளத் தொடங்கினோம். சம்பளத்தைச் சொல்வதுபோல முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்காரவும் ஆரம்பித்தோம். சாத்தான்குளத்து சார், "போற காலத்துல என்னைய எதுக்கு சோதிக்கீங்க" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் அவராகவே என்னைக் கூப்பிட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதி வகுப்பு நேரம் அவர் என்னைப் பார்த்தே பேசினார். அதுவும் நல்ல ஆங்கிலத்தில். முதல் பெஞ்சிலிருந்து சுருட்டை முடிப் பிள்ளை எழுந்தாள். "சார், நாங்க இங்கன இருக்கோம்."

நான் இன்னும் நன்றாக நடத்துகிறேன் என்று சொல்ல முடியாது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். காத்திருக்கும்போது சாக்பீஸைத் துண்டுதுண்டாக ஒடித்துவிடுகிறேன். சில நாள் பதில் வருகிறது.

அடுத்த ஆண்டு அதே படிவம், முந்தைய பயிற்சிக்கென்று புதிதாக இரண்டு கட்டங்களோடு வந்தது. இந்தத் தடவை கூட்டத்தில் நாலு பேரும் இருந்தோம். 'எங்களில் ஒருவர் வகுப்பை இன்னொருவர் சென்று பார்க்க வாரம் ஒரு மணி நேரம் தேவை' என்று துறைத் தலைவர் ஒரே வரியில் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது. போன ஆண்டுப் பயிற்சி நடைபெற்ற இடமும் ஆன கட்டணமும் குறிப்பிடப்படவில்லையாம்.

துறைத் தலைவர் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடம் என்ற கட்டத்தில் 'மாப்பிள்ளையூரணி' என்று எழுதினார். பிறகு எங்களைக் கேட்டுக் கேட்டுக் கூட்டினார். அபராதத்தில் எங்கள் பாதி, போகவர ஆட்டோ, மக்ரூன். கட்டணம் என்ற கட்டத்தில் எழுத்திலும் எண்ணிலும் தெளிவாக எழுதினார்: எண்ணூற்றுப் பத்து ரூபாய்.